தகப்பனார் வெளியில் சாப்பிடவும்

எடை பாக்க வாற பொம்பளப் பிள்ளைகள நான் மிஷின் முள்ளுக்கு முதுகு காட்டித்தான் நிப்பாட்டுவேன். எத்தன கிலோன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டேன். நானே குனிஞ்சு பாத்து, நானே எழுதி, நோட்ட மூடிருவேன். போன மாசம் என் எடத்துக்கு வந்திருக்க புது நர்ஸ் போன் பண்ணினா. "யக்கா, இந்த வழக்கம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எல்லாம் பழைய சிஸ்டர் இப்பிடித்தான் நிக்கச் சொல்லுவாங்கன்னு தானாத் திரும்பி நின்னுக்கிடுதுக. இங்கன புதுசா ஒரு மிஷின் வந்திருக்கு. ஏறினதும் எடையச் சத்தமாச் சொல்லுது. நான் என்ன செய்ய?"

"மிஷின் வாய அடைக்க அடியில ஒரு பட்டன் இருக்கும், தேடு"ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். வச்ச பெறவு மனசு கேக்கல. அது புஸ்தகத்துல உள்ள வழக்கம் இல்ல. நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து வந்தது. தப்ப மறைச்சுட்டு வழக்கத்த மட்டும் விட்டுட்டு வந்திருக்கேன். அது சரியில்லன்னு பட்டுச்சு, அதான் எழுதுதேன். அந்தத் தப்பு யார் வீட்டப் பாதிச்சுச்சோ, அந்த வீட்டுல கேட்டுக்கிட்டுத்தான் எழுதுதேன். பேரெல்லாம் மாத்தியிருக்கேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். விளாத்திகுளம் தாலுகாவுல, நாகலாபுரத்தச் சுத்தி உள்ள ஊர்கள்ல முப்பத்தஞ்சு வருசம். படிச்சது மதுரையில ரெண்டு வருசம். அதப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணுமில்ல. ஊசி போடவும், வாய மூடிக்கிட்டு இருக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. ஊசி நல்லா வந்துச்சு.

தற்பெருமைன்னு நெனச்சாலும் பரவால்ல, நான் நல்ல நர்ஸ். வேலைக்குச் சேந்த மறு வருசம், ஐப்பசி மழையில, மொபட் சக்கரத்துல கரிசல் மண்ணு அப்பி வண்டி நகர மாட்டேன்னு நின்னுருச்சு. ஓடைக்கரையில வண்டியச் சாத்திட்டு, பையத் தலையில வச்சுக்கிட்டு நடந்தே போய், மொளகாக் காட்டு ஓரத்துல சாக்க விரிச்சு ஒரு பிரசவம் பாத்தேன். அந்தப் பிள்ளை இப்ப லாரி ஓட்டுதான். ரோட்டுல என்னக் கண்டா ஹாரன் அடிப்பான். இந்த மாதிரி இன்னும் நாப்பது கதை இருக்கு, எல்லாத்துலயும் நான்தான் கெட்டிக்காரி. இன்னைக்கு அதெல்லாம் வேண்டாம்.

எனக்குத் தொண்ட பெருசு. சொட்டு மருந்துக்கு வாங்கன்னு கோயில் முக்குல நின்னு கூப்பிட்டா, கடைசித் தெருவுல தூங்குத பிள்ளை முழிச்சிரும். அதனால பள்ளிக்கூடத்துல எடை பாக்கப் போனா கூவுற வேல எப்பவும் எனக்குத்தான். அது ரெண்டு பேர் வேல. ஒருத்தி மிஷின் பக்கத்துல நின்னு பேரையும் எடையையும் கூவணும். இன்னொருத்தி மேசையில உக்காந்து எழுதணும். மத்தியான மணி அடிக்கதுக்குள்ள மொத்தப் பள்ளிக்கூடத்தையும் முடிக்கணும். வெறும் எடைய மட்டும் கூவினா வரிசை சோந்து போயிரும்னு நான் கூட ரெண்டு வார்த்தை போடுவேன். "ஏலே, காத்தடிச்சாப் பறந்துருவ, மடியில கல்லக் கட்டிக்க." "ஏட்டி, ஒங்க வீட்டுல எந்தக் கடை அரிசி?" பிள்ளைக சிரிக்கும். வாத்தியார்மாரும் சிரிப்பாங்க. சர்க்கார் வேலைய இவ்வளவு கலகலப்பாச் செய்ய என்ன விட்டா ஆளில்லன்னு நெனச்சுக்கிடுவேன்.

அப்படி ஒரு நாள் ஆறாம் வகுப்பு வரிசையில கோமதி ஏறினா. நல்லா உருண்டு தெரண்ட பிள்ளை, கருப்பா, லட்சணமா இருப்பா. அன்னைக்குப் பெத்தவங்க கூட்டமும் இருந்ததால அவ அம்மா பேச்சியம்மா வேப்ப மரத்தடியில நாலு பொம்பளைகளோட நின்னுக்கிட்டிருந்தா. நான் எடையக் கூவினேன். எத்தன கிலோன்னு இங்கன எழுத மாட்டேன். இதப் படிக்குத எதாவது ஒரு பிள்ளை அந்த எண்ணத் தன்னோட எண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கும். கூவிட்டு, மரத்தடியப் பாத்து, "அப்பிடியே பேச்சியம்மாவ உரிச்சு வச்சிருக்கால்லா"ன்னு சேத்துச் சொன்னேன்.

நம்ம ஊருல ஒரு பிள்ளையப் பாத்து இத விட நல்ல வார்த்தை என்ன சொல்ல முடியும்? எல்லாரும் சிரிச்சாங்க. பேச்சியம்மா முந்தானைய வாயில பொத்திக்கிட்டுச் சிரிச்சா. கோமதி மிஷின விட்டு எறங்கிப் போனா. நான் அடுத்த பேரக் கூப்பிட்டேன்.

அந்த வீட்டப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கோமதி அப்பா வேலுச்சாமி அண்ணாச்சிக்கு நல்ல கரிசக்காடு உண்டு. மொளகா, பருத்தி, கம்பு எல்லாம் போடுவாரு. எந்தப் பஞ்சத்துலயும் அவர் வீட்டுத் தானியக் குலுக்கை கொறஞ்சதில்ல. கோயில் கொடைக்கு மொத ஆளா நிப்பாரு. கோவம் மட்டும் கொஞ்சம் சாஸ்தி. சாப்பாட்டுல உப்புக் கூடினாலோ கொறஞ்சாலோ தட்டத் தூக்கி எறிவாருன்னு ஊருக்கே தெரியும். "கோவக்காரரு, ஆனா மனசு வெள்ள"ன்னு சொல்லுவாங்க. நானும் அப்படிச் சொன்னவதான். எங்க ஊருப் பக்கம் தட்டு எறியாத ஆம்பளைய ஆம்பளையாவே சேக்க மாட்டாங்க.

நாலு வருசம் கழிச்சு, கோமதி பத்தாம் வகுப்பு படிக்கும்போது, அவ விரதம் இருக்குத பெருமை ஊரெல்லாம் பரவிச்சு. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு. சஷ்டி முருகனுக்கு. சனிக்கிழமை பெருமாளுக்கு. "ஞாயித்துக்கிழம எந்தச் சாமிக்குட்டி?"ன்னு கேட்டேன். "சூரியனுக்கு சிஸ்டர்"ன்னா. மெலிஞ்சுக்கிட்டே வந்தா. பொம்பளைக எல்லாம் "அம்மன் களை வந்திருச்சு பாத்தியா"ன்னாங்க. பேச்சியம்மாவும் மகளோட சேந்து விரதம் இருந்தா. நானே ஒருக்கா, "ஏட்டி, என் இடுப்பு வலிக்கும் சேத்து வேண்டிக்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். வாயில அடிக்கணும் என்ன.

எனக்கு ஏன் தெரியல? காரணம் லேசு. எங்க கரிசக்காட்டுல பிள்ளை மெலிஞ்சா நாங்க பாக்குதது வறுமை, பூச்சி, காச நோய், மஞ்சக் காமாலை. சோத்துக்கு இல்லாதவன் பிள்ளை மெலியும். குலுக்கை நெறையத் தானியம் இருக்க வீட்டுப் பிள்ளை வேணும்னே தின்னாம இருக்கும்னு எங்க நோட்டுல கட்டமே கெடையாது.

பங்குனி மாசம். காக்கா கூட நெழலுக்குள்ள இருந்து வெளிய வராது. கோமதி யூனிபாரத்துக்கு மேல அவ அப்பா முழுக்கைச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்தா. "குளிருது சிஸ்டர்"ன்னா. அதுக்கு மறு வாரம் பேச்சியம்மா துணை சுகாதார நிலையத்துக்கு வந்து, நான் மாசாமாசம் கோமதிக்குக் குடுத்த நாப்கின் பாக்கெட்ட எல்லாம் மேசையில வச்சா. ஒண்ணு கூடப் பிரிக்கல. "குலுக்கைக்குப் பின்னால கெடந்துச்சு சிஸ்டர்"ன்னு சொல்லிட்டு என் மொகத்தப் பாக்காமத் தரையப் பாத்தா.

பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போனா எங்க ஊருல ஒரே ஒரு அர்த்தந்தான். அவளுக்கும் அதே நெனப்பு, எனக்கும் அதே நெனப்பு. கதவச் சாத்திட்டு ஒண்ணுக்கு டெஸ்ட் எடுத்தேன். ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் பெருமூச்சு விட்டோம், ஏதோ பெரிய கண்டம் தாண்டின மாதிரி. நான் சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் குடுத்து அனுப்பினேன். பத்தே நாள்ல பள்ளிக்கூடப் பிரேயர்ல கோமதி மயங்கி விழுந்தா. ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனேன்.

எங்க டாக்டர் ஒல்லியான மனுசர். வேட்டியக் கட்டி விட்டா பள்ளிக்கூட வாத்தியார்னு சொல்லலாம். அவியளுக்குச் சில வழக்கம் உண்டு. நோயாளி பேசும்போது எழுத மாட்டாவ. பேனாவ மூடிச் சட்டைப் பையில வச்ச பெறவுதான் மொதக் கேள்வி வரும். கோவம் வந்தா சத்தம் கொறையும். அவிய குரல் கேக்க நாங்க குனிய வேண்டி வந்தா, அன்னைக்கு யாருக்கோ கெட்ட நேரம்னு அர்த்தம். இன்னொண்ணு, 'ஏன்'னு கேக்கவே மாட்டாவ. "ஏன்னு கேட்டா பதில் சொல்லணும்னு எதையாவது சொல்லுவாங்க சிஸ்டர். எப்ப இருந்துன்னு கேளுங்க, நெசமே வரும்"னு எனக்குச் சொல்லியிருக்காவ. நான் அதக் காதுல வாங்கினதில்ல.

கோமதி கையப் புடிச்சு, கடிகாரத்தப் பாத்து, முழுசா ஒரு நிமிசம் நாடி பாத்தாவ. அரை நிமிசம் பாத்து ரெண்டால பெருக்குதவ நான். நாடி ரொம்ப மெதுவா ஓடிச்சு. முழுக்கைச் சட்டைய மெல்ல ஏத்தினாவ. கை பூரா பூனை முடி மாதிரி மெல்லிசா முடி மொளச்சிருந்துச்சு. ஒடம்புல கொழுப்பு இல்லாமப் போனா குளிருக்கு ஒடம்பே போத்திக்கிடுத போர்வை அதுன்னு பின்னால சொன்னாவ. படுக்க வச்சு ஒருக்கா, நிக்க வச்சு ஒருக்கா பிரஷர் பாத்தாவ. பெறவு பேச்சியம்மாவ வெளிய உக்காரச் சொல்லிட்டு, முக்காலிய இழுத்து, கோமதி ஒசரத்துக்குக் கீழ உக்காந்து, பேனாவ மூடினாவ.

"சோறு எறங்காமப் போனது எப்ப இருந்துடா?"

விரதம்னு சொல்லுவான்னு நெனச்சேன். கோமதி சொவத்தப் பாத்துக்கிட்டே, "ரெண்டாப்பு படிக்கும்போது இருந்து"ன்னா.

ஏழு வயசு. ஒரு மத்தியானம் மீன் கொழம்புல உப்பு கூடிப்போச்சாம். அப்பா எறிஞ்ச தட்டு அம்மா புருவத்துல பட்டுக் கிழிச்சிருக்கு. "தின்னு தின்னு ஒரலு மாதிரி ஆயிட்ட, ஒரு கொழம்பு வைக்கத் தெரியல"ன்னு சத்தம் போட்டுட்டு அவர் வெளிய போயிட்டாரு. பேச்சியம்மா ரத்தத்தத் தொடச்சுக்கிட்டு, சொவத்துலயும் தரையிலயும் செதறிக் கெடந்த சோத்த எல்லாம் வழிச்சு எடுத்து, சோத்த வீணாக்கக் கூடாதுன்னு தண்ணி ஊத்திக் கழுவி, அதையே அவ தின்னிருக்கா. எதுர்ல உக்காந்து கோமதி பாத்துக்கிட்டிருந்திருக்கா.

"இப்ப தட்டுல சோறப் பாத்தா எப்படி இருக்கும்?"ன்னு கேட்டாவ.

"தரையில கெடக்க மாதிரி."

அந்தப் புருவத்துக்கு மருந்து வச்சுக் கட்டினவ நான்தான். நெலப்படியில இடிச்சுக்கிட்டேன்னு பேச்சியம்மா சொன்னா, நானும் சரின்னு கேட்டுக்கிட்டு நோட்டுல அப்பிடியே எழுதினேன். நெலப்படியில இடிச்சா நெத்தியில படும், புருவத்துல படாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்.

அண்ணாச்சிய வரச் சொல்லி ஆள் விட்டோம். வெள்ள வேட்டியோட வந்து நின்னாரு. மகளப் பாத்ததும் கண்ணு கலங்கிட்டு. அதையும் சொல்லணும், அந்த மனுசனுக்கு மக மேல உசுரு. "டாக்டர், எம் மகள நான் இதுவரைக்கும் ஒரு அடி அடிச்சதில்ல. ஒரு சொல் சொன்னதில்ல"ன்னாரு.

"மகள அடிக்கல," டாக்டர் சொன்னாவ. "மகளுக்கு முன்னால அடிச்சீங்க."

நான் குனிய வேண்டி வந்துச்சு, குரல் அவ்வளவு கொறஞ்சிருச்சு.

"கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது டாக்டர். எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான். பெறவி கொணம்."

டாக்டர் பேனாவத் தொறந்து சீட்டு எழுதினாவ. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு, அங்கன மனநல டாக்டருக்கு ஒரு கடுதாசி. மூணாவதா, எங்க ஆஸ்பத்திரி சீட்டுல, மருந்து எழுதுத எடத்துல, 'சாப்பாட்டு நேரத்தில் தகப்பனார் வீட்டில் இருக்கக் கூடாது. மூன்று மாதம். தகப்பனார் வெளியில் சாப்பிடவும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் வச்சுக் குடுத்தாவ.

அண்ணாச்சி ரெண்டு தடவ படிச்சாரு. "எம் வீட்டுல நான் சாப்பிடக் கூடாதா?"

"சாப்பிடலாம். பிள்ளை பொழச்ச பெறவு."

சீட்டக் கிழிச்சு எறிவாருன்னு நெனச்சு நான் ரெண்டடி பின்னால போனேன். அவரு அத நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சாரு. சீல் குத்தின காகிதத்துக்கு எங்க ஊருல அவ்வளவு மரியாதி. டாக்டருக்கு அது தெரியும்.

திருநெல்வேலியில மூணு வாரம் இருந்தாங்க. பேச்சியம்மா மக எழும்பினதும் நெய்ச்சோறு ஆக்கிக் கொண்டு போறதுக்கு இருந்தா. அங்கன உள்ள டாக்டர்மாரு தடுத்துட்டாங்க. அவ்வளவு நாள் காஞ்ச ஒடம்புல திடீர்னு நெறையத் தள்ளினா ரத்தத்துல உப்புச் சத்து எறங்கி நெஞ்சு நின்னுருமாம். ரத்தம் எடுத்துப் பாத்து, டம்ளர் கணக்குல கஞ்சி, அப்புறம் கொழஞ்ச சோறுன்னு ஏத்தினாங்க. வீட்டுக்கு வந்த பெறவு தெனம் மத்தியானம் நான் போய்ப் பக்கத்துல உக்காரணும். அவ சாப்பிடுத வரைக்கும் சோத்தப் பத்திப் பேசக் கூடாது. ஆடு, பஸ்சு, பரீட்சை, எதப் பத்தினாலும் பேசலாம். ஒரு இட்லிக்கு முக்கா மணி நேரம் ஆகும். எனக்கு அந்த முக்கா மணி நேரம் வாய அடக்கி உக்காந்ததுதான் என் சர்வீஸ்லயே கஷ்டமான வேல.

வாரத்துக்கு ஒருக்கா எடை பாக்கணும். மொதத் தடவ கோமதி மிஷின் மேல ஏறினவ, என்னப் பாக்காம, சட்டுனு முள்ளுக்கு முதுகக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டா. "எத்தனன்னு சொல்லிராதீங்க சிஸ்டர்." நான் எழுதி முடிச்சேன். எறங்கினவ என் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து, அவளாச் சொன்னா. தட்டு எறிஞ்ச கதைய டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. அதுக்குப் பெறவும் எறங்காத சோத்த முழுங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. ஆனா அதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சு. சின்னதுல இருந்து அப்பா அம்மாவ ஒரலு, பூசணிக்கான்னு ஏசும்போதெல்லாம், தான் யார் மாதிரின்னு கண்ணாடியில பாத்துக்கிடுவாளாம். அப்பா மாதிரித்தான் இருக்கேன்னு தேத்திக்கிடுவாளாம். ஆறாம் வகுப்புல ஒரு நாள், மொத்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால, ஒருத்தங்க அம்மாவ உரிச்சு வச்சிருக்கான்னு சொல்லிட்டாங்களாம்.

"அன்னைக்கு ராத்திரி இருந்து பாதிச் சாப்பாட்ட நிறுத்தினேன். அம்மா மாதிரி ஆகாம இருந்தா அம்மாவுக்கு நடந்தது எனக்கு நடக்காதுன்னு நெனச்சேன்."

ஒருத்தங்கன்னுதான் சொன்னா. நீங்கன்னு சொல்லல. "அது நான்தாண்டி"ன்னேன். "தெரியும் சிஸ்டர்"ன்னா. "நான் தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்க"ன்னு கேட்டேன். ஒரு பதினஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டது அதுதான் மொதல். அவ அதக் கண்டுக்கிடல. அவ கவல வேற. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சிஸ்டர். நீங்க சொன்னத வச்சு அம்மா எவ்வளவு சந்தோசமாச் சிரிச்சா தெரியுமா? ஒன்ன மாதிரி ஆகப் பயந்துதான் பட்டினி கெடந்தேன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல?" சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். அன்னையில இருந்து நான் எந்தப் பிள்ளை எடையையும் கூவினதில்ல.

இந்த மூணு மாசமும் அண்ணாச்சி நாகலாபுரம் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்லதான் மூணு நேரமும் சாப்பிட்டாரு. இருவது வருசம் ஊருக்கே சோறு போட்ட வீட்டுக்காரரு. "என்ன அண்ணாச்சி, மதினி கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாவளா?"ன்னு கேலி பண்ணுவாங்க. "டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னு பையத் தொட்டுக் காட்டுவாரு. சக்கர வியாதின்னு பாதி ஊரு நம்பிச்சு.

ஒரு நாள் பஸ்சுக்கு நின்னவ, அவர் சாப்பிடுததப் பாத்து உள்ள போய் எதுர்ல உக்காந்தேன். அன்னைக்கு சாம்பாரு அடி பிடிச்சு வாசல் வரைக்கும் வாட அடிச்சுச்சு.

"எப்படி அண்ணாச்சி சாப்பாடு?"

"வாயில வைக்க வெளங்கல நர்ஸம்மா. மூணு மாசமா இதத்தான் தின்னுதேன்."

"ஒரு தட்டக் கூட எறியலையே?"

கை பாதியில நின்னுச்சு. "கடையில எப்படி எறிய முடியும்? நாலு பேரு இருக்காங்க."

"வீட்டுலயும் ரெண்டு பேரு இருந்தாங்கள்லா. கண்ணு தெரியாத கோவம்னீங்களே, இங்கன மட்டும் எப்படிக் கண்ணு தெரியுது?"

டாக்டர் எதுக்கு அந்தச் சீட்ட எழுதினாவன்னு எனக்கே அப்பத்தான் புரிஞ்சுச்சு. அவர் மொகம் கறுத்துப் போச்சு. எந்திரிச்சு ஓங்கி ஒண்ணு விடுவாரோன்னு கூட நெனச்சேன். பெறவு எலையில மிச்சம் இருந்த சாம்பார்ச் சோத்த ஒரு பருக்கை விடாம வழிச்சுத் தின்னுட்டுக் கை கழுவப் போனாரு.

குணமாயிட்டான்னு கேப்பீங்க. இது ரெண்டு ஊசியில போற காய்ச்சல் இல்ல. ரெண்டு அடி முன்னால, ஒரு அடி பின்னாலன்னு வருசக் கணக்காச்சு. இப்ப கோமதி கோவில்பட்டியில ஒரு பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர். இப்பவும் சில மாசம் மனசு ஆடும், டாக்டரப் போய்ப் பாத்துட்டு வருவா. அண்ணாச்சி சாமியார் ஆயிரல. சத்தம் போடத்தான் செய்வாரு. ஆனா தட்டு பறக்கல. இத எல்லாம் முன்னாலயே சொல்லிருதேன், ஏன்னா எனக்கு முடிக்க வேண்டியது வேற ஒண்ணு. மூணு மாசம் முடிஞ்சு அண்ணாச்சி வீட்டுக்குள்ள வந்து சாப்பிட்ட மொத மத்தியானம் அது. அன்னைக்கு இதுல ஒண்ணுமே எங்களுக்குத் தெரியாது. அன்னைக்குத் தட்டு பறந்திருந்தா கோமதி அடுத்த கவளத்தத் தொட்டிருக்க மாட்டா. அவ ஒடம்புல இன்னொரு பட்டினிக்கு எடமில்ல.

டாக்டர் போட்ட ஏற்பாடு கறாரானது. சட்டிய நடுவுல வச்சு எல்லாரும் ஒண்ணா உக்காரணும். அவுகவுக போட்டுச் சாப்பிடணும். பேச்சியம்மாவும் உக்காரணும், கடைசியில தனியாத் திங்கக் கூடாது. நான் கூட இருக்கணும். நாலு தட்டு வச்சோம். சோறு, சாம்பாரு, கத்திரிக்காக் கூட்டு, அப்பளம். அண்ணாச்சி உக்காந்தாரு. கோமதி உக்காந்தா. நான் உக்காந்தேன். பேச்சியம்மா கரண்டியோட நிக்குதா. "உக்காருங்க மதினி"ன்னேன். "இந்தா உக்காருதேன் சிஸ்டர்"ங்கா, நிக்குதா. இருவது வருசம் நின்ன காலு, மடங்க மாட்டேங்குது.

அண்ணாச்சி பெசஞ்சு ஒரு வாய் வச்சாரு. மெல்லுதத நிப்பாட்டினாரு. நான் வச்ச வாயிலயும் தெரிஞ்சுச்சு, சாம்பார்ல உப்பே இல்ல. பேச்சியம்மா பயத்துல போட மறந்திருக்கா. அவர் எடது கை தட்டு விளிம்பப் புடிச்சுச்சு. கோமதி அந்த விளிம்ப மட்டுந்தான் பாத்துக்கிட்டிருந்தா. 

அவர் விளிம்ப விட்டுட்டு எந்திரிச்சாரு. அடுப்படிக்குள்ள போனாரு. டப்பாவத் தொறந்து பாக்குதது வாசல் வழியாத் தெரிஞ்சுச்சு. மஞ்சப்பொடி. மூடிட்டு இன்னொண்ணு. கடுகு. கல்யாணமாகி இத்தன வருசத்துல அந்த மனுசனுக்குத் தன் வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு தெரியல. எடுத்துக் குடுக்கப் போன பேச்சியம்மாவ நான் சேலையப் புடிச்சு நிப்பாட்டினேன். தேடட்டும்.

உள்ள டப்பா உருளுது. பேச்சியம்மா என் பக்கம் குனிஞ்சா. "சிஸ்டர், இவ ஏன் சாப்பிடலன்னு எனக்குத் தெரியும். என்ன மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான."

கோமதி என்ன வெட்டுத மாதிரி பாத்தா. நான் சொல்லலன்னு தலைய ஆட்டினேன்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

"யாரு சொல்லணும்? விரதத்துக்கு இவ கூட நானும் சாமி முன்னால நின்னேன்லா. நான் வேண்டினதும் அதுதான் சிஸ்டர். எம் மக என்ன மாதிரி ஆயிரக் கூடாது தாயின்னுதான் வேண்டினேன்." குரல் ஒடையல. எத்தனையோ நாளாச் சொல்லிச் சொல்லிப் பழகினத வெளிய சொன்ன மாதிரி சொன்னா.

அண்ணாச்சி உள்ளங்கையில கல்லுப்ப வச்சுக்கிட்டு அடுப்படி வாசல்ல நிக்குதாரு. கேட்டுட்டாரு. கோமதி கை சோத்துல நிக்கு. எந்திரிச்சுப் போயிருவான்னு நான் பயந்தேன். அவ குனிஞ்சு ஒரு கவளத்த உருட்டி வாயில வச்சா, மென்னா, முழுங்கினா. பெறவு அவ அம்மாவ நிமிந்து பாத்தா.

"ஒன்ன மாதிரி ஆனா ஆயிட்டுப் போறேன்ம்மா. நீ மொதல்ல உக்காந்து சாப்பிடு."